சாயம் எங்கே போகிறது?

"திருப்பூர் சரக்கு தம்பி, சாயம் போகாது."

தேக்கா நிலையத்தின் மேல்மாடிக்குத் துணி வாங்கச் சென்றவர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்பியவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். கடைக்காரர் சட்டையை உதறிக் காட்டுவார். தையலைப் பிடித்து இழுத்துக் காட்டுவார். நாமும் தலையாட்டிவிட்டு, இரண்டு வெள்ளி குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவோம். சாயம் போகுமா என்பது வாங்குபவருக்கு முக்கியமான கேள்விதான். ஆனால் சட்டை கடைக்கு வந்து சேர்வதற்கு முன்பே போய்விட்ட சாயம் ஒன்று உண்டு. அது எங்கே போனது என்று நம்மில் யாராவது கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. வேதிப் பொறியியல் படித்து, இறுதியாண்டில் சாயக்கழிவு நீரைப் பற்றியே ஆய்வு செய்தவன் நான். அப்படியிருந்தும் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வேதியியல். (கலைப்புல நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இரண்டு பத்திகள்தான்.) பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் இடப்படுவது 'ரியாக்டிவ்' எனப்படும் சாய வகை. 1956-இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் 'புரோசியான்' என்ற பெயரில் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தச் சாயம் பருத்தியில் உள்ள செல்லுலோஸுடன் உறுதியான வேதிப் பிணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. கடைக்காரர் அத்தனை தைரியமாக வாக்குக் கொடுப்பதன் இரகசியம் இதுதான். ஆனால் சாயத் தொட்டிக்குள் பருத்தியோடு தண்ணீரும் போட்டிக்கு நிற்கிறது. சாயத்தின் ஒரு பகுதி துணியைப் பிடிப்பதற்குப் பதில் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் போன சாயம் பிறகு துணியில் ஏறவே ஏறாது. சாயத்தின் தன்மையையும் பட்டறையின் திறமையையும் பொறுத்து, தொட்டியில் போட்டதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்குவரை இவ்வாறு வீணாகிக் கழிவுநீரில் கலக்கிறது.

அடுத்தது உப்பு. தண்ணீருக்குள் பருத்தியும் சாயமும் எதிர்மின்சுமை கொண்டவை. ஆகவே ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அந்த விலக்கத்தை அடக்கிச் சாயத்தை நூலின் அருகே கொண்டுவர, தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். லிட்டருக்கு 30 கிராம் முதல் 80 கிராம் வரை. அடர்ந்த நிறமென்றால் அதற்கும் மேல். கடல் நீரில் இருப்பதே லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம்தான். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களுக்குத்தான் சாயமும் உப்பும் அதிகம் தேவை. நம் பேரவையின் டி-சட்டைகளில் எத்தனை கறுப்பு என்று எண்ணிப் பாருங்கள். சாயத்திலாவது ஒரு பகுதி துணியோடு போகிறது. உப்பு துணியில் தங்குவதே இல்லை. போட்டது முழுவதும் அப்படியே வெளியே வந்துவிடுகிறது.

இந்த உப்பைத்தான் நான் மறந்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் நான் செய்தது ஃபென்டன் வினை. 1894-இல் அந்த வேதியியலாளர் வெளியிட்ட பழைய வினைதான். இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் அமிலத் தன்மையுள்ள சாய நீரில் சேர்த்தால், கண்ணில் பட்டதையெல்லாம் உடைக்கும் ஆற்றல் கொண்ட ஹைட்ராக்சில் அணுத்தொகுதிகள் உருவாகும். அவை சாய மூலக்கூறின் நிறம் தரும் பகுதியை வெட்டிப் போடும். கருநீலமாக இருந்த குடுவை அரை மணி நேரத்தில் வெளுத்தது. அடியில் தங்கிய இரும்புக் கசடை வடிகட்டியபின் கிடைத்த நீர் குழாய்த் தண்ணீரைப் போலவே இருந்தது. முன், பின் என்று இரண்டு குடுவைகளை அருகருகே வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். அப்போது என் மேற்பார்வையாளர் வந்து, ஒன்றும் பேசாமல், தெளிந்த குடுவைக்குள் மின்கடத்துதிறன் அளவியை விட்டார். எண் குறையவில்லை. நான் சேர்த்த அமிலமும் இரும்பு உப்பும் சேர்ந்து, முன்னைவிடச் சற்றுக் கூடியிருந்தது. "நிறத்தை எடுத்துவிட்டாய். உப்பை என்ன செய்தாய்?" என்றார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'எதிர்கால ஆய்வுக்கு' என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் நிறம் நீக்கும் வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் திரளவைப்பது, கிளர்வூட்டிய கரியில் படியவைப்பது, ஓசோன் செலுத்துவது, நுண்ணுயிர்களை விட்டுத் தின்னச் செய்வது எனப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. ரியாக்டிவ் சாயம் நீரில் நன்றாகக் கரைவதால் படிகாரத்துக்கு எளிதில் சிக்காது. காற்றில்லாத தொட்டியில் நுண்ணுயிர்கள் 'அசோ' பிணைப்பை உடைத்து நிறத்தைப் போக்கும். ஆனால் உடைந்த துண்டுகளான அரோமாட்டிக் அமீன்களில் சில, சாயத்தைவிட நச்சுத்தன்மை மிக்கவை. அவற்றைக் காற்றூட்டிய இன்னொரு தொட்டியில் மீண்டும் சிதைத்தாக வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் உப்பு அப்படியே நிற்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சாயம் இருந்தாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்; ஊரார் கேள்வி கேட்பார்கள். ஆயிரக்கணக்கான மில்லிகிராம் உப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. பயிர் கருகும்போதுதான் தெரியும்.

திருப்பூரில் நடந்தது இதுதான். என் குடுவையில் அரை மணி நேரத்தில் நடந்தது அங்கே ஓர் ஆற்றில் பல ஆண்டுகள் நடந்தது.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலப்பது நொய்யல். எண்பதுகளில் பின்னலாடை ஏற்றுமதி சூடுபிடித்தபோது அதன் கரையில் சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. 1992-இல், திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பகுதியில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. மேலே பட்டறைகள் விட்ட கழிவு வந்து தங்கும் குட்டையாக அந்த அணை மாறிப்போனது. அணை கட்டச் சொல்லி விவசாயிகள் போராடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே, கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்ப்பாயின. வயல்கள் தரிசாயின.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பட்டறைகள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுக் கசடைத் திரட்டி எடுத்தார்கள். நிறம் ஓரளவு குறைந்தது. உப்பு ஆற்றுக்கே போனது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. சாயக்கழிவில் அதைப் போல் பல மடங்கு இருந்தது. அந்த நிலையங்களை வடிவமைத்த பொறியாளர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அதைத்தானே செய்தேன்?

ஆயக்கட்டு விவசாயிகளின் வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையான உத்தரவைப் பிறப்பித்தது. பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவைக்கூட வெளியே விடக் கூடாது; அந்த நிலையை எட்டும்வரை, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் கட்ட வேண்டும். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்து மூன்று மாதக் கெடு விதித்தது. கெடு கடந்தும் கழிவு ஓடியது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி, மின் இணைப்பையும் துண்டிக்க வைத்தது. ஊர் நிலைகுலைந்தது. பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். சாயமிட வேண்டிய துணி லாரி ஏறி வேறு மாவட்டங்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் போனது.

அதன் பிறகு திருப்பூர் செய்தது நம் பாராட்டுக்குரியது. தமிழ்நாடு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தர, 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் படிப்படியாக மீண்டும் இயங்கத் தொடங்கின. இம்முறை உப்பையும் பிடித்தாக வேண்டும். நுண்ணுயிர்த் தொட்டிகளில் கழிவைச் சிதைத்து, வடிகட்டி, எஞ்சிய நிறத்தை நீக்கி, எதிர்ச் சவ்வூடு பரவல் சவ்வுகளின் வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். சவ்வைக் கடந்த நீர் மீண்டும் சாயத் தொட்டிக்கே போகிறது. சவ்வு தடுத்து நிறுத்திய உப்புக் கரைசலை ஆவியாக்கிகளில் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். அருள்புரம் நிலையத்தில் இன்னொரு நல்ல வழியைச் செய்து காட்டினார்கள். உப்புக் கரைசல் முழுவதையும் கொதிக்கவைத்து எரிபொருளை வீணாக்காமல், அதன் நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் நீக்கி, அந்தக் கரைசலையே மறுபடி சாயமிடப் பயன்படுத்துவது. சாயமிட எப்படியும் உப்பு வேண்டும். கழிவிலோ உப்பு இருக்கிறது. பிறகு ஏன் பிரிப்பானேன்? இந்த எளிய யோசனையைப் படித்த அன்று, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதிய இரண்டு வரிகள் நினைவுக்கு வந்தன.

குறைகளும் உண்டு. நீரை ஆவியாக்க ஏராளமான எரிபொருள் வேண்டும். மறுபயன்பாட்டுக்கு உதவாத கலப்பு உப்பு, கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. இருட்டோடு இருட்டாகக் கழிவைத் திறந்துவிடும் பட்டறைகள் பிடிபடும் செய்திகள் இன்னும் வருகின்றன. நகரங்களின் சாக்கடையும் கலப்பதால் நொய்யல் தெளிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனாலும், ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஒரு தொழில் நகரம், தன் சாய நீரில் பெரும்பகுதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது என்பது சாதாரணச் செய்தியா?

இப்போது நம் ஊருக்கு வருவோம். தேக்கா நிலையத்திலிருந்து வெளியே வந்தால், புக்கிட் தீமா சாலையை ஒட்டி ரோச்சோர் கால்வாய் ஓடுகிறது. ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கடக்க முடியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் நடந்த சிங்கப்பூர் ஆறு, காலாங் வடிநிலத் துப்புரவில் பன்றிப் பண்ணைகளும் படகுத்துறைகளும் தெருவோரக் கடைகளும் இடம் மாற்றப்பட்டதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 2008-இல் மரீனா அணைக்கட்டு வந்த பிறகு, அந்தக் கால்வாயில் விழும் மழைநீர் மரீனா நீர்த்தேக்கத்துக்குச் சென்று, சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாயில் வருகிறது. 2003-இல் அறிமுகமான புதுநீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிடோக்கில் இருந்த புதுநீர் வருகையாளர் நிலையத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போய், இலவசமாகக் கிடைத்த புட்டியோடு திரும்பாதவர் நம் தலைமுறையில் யார்? புதுநீரின் இதயமும் அதே எதிர்ச் சவ்வூடு பரவல் சவ்வுதான். இன்று நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சவ்வுத் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இயங்குகிறது.

இதில் நமக்குப் பெருமை உண்டு. இருக்கட்டும். ஆனால் ஒரு கற்பனை செய்து பார்ப்போம். சிராங்கூன் சாலையில் யாராவது ஒரு சாயப்பட்டறை வைத்து, கருநீலத் தண்ணீரை ரோச்சோர் கால்வாயில் விட்டால் என்ன ஆகும்? அன்று மாலையே அதிகாரிகள் வாசலில் நிற்பார்கள். பொதுச் சாக்கடையில் விடுவதற்கே கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்று இங்கே வரம்பு உண்டு. சுத்திகரிக்காத சாயக்கழிவு அதற்குள் அடங்குவது கடினம். தொழிற்சாலைகள் விடும் உப்பைச் சாக்கடை வாயிலிலேயே தடுப்பதும் புதுநீர் எளிதாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம். வீட்டுக் கழிவுநீரில் உப்பு குறைவு; சவ்வு அதிகம் திணறாது. சாயக்கழிவு அப்படியா?

நம் ஊரில் ஐம்பத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் துணி உடுத்துகிறோம். முஸ்தபாவில், கேம்பல் லேனில், ஆர்ச்சர்டு ரோட்டில் மலைபோல் குவிந்திருக்கும் அத்தனை துணிக்கும் எங்கேயோ ஓர் ஊரில் யாரோ சாயம் போட்டிருக்கிறார்கள். நொய்யலோ, டாக்காவின் புரிகங்காவோ, இந்தோனேசியாவில் பாண்டுங் பகுதித் துணி ஆலைகளின் கழிவைச் சுமக்கும் சித்தாரமோ, ஏதோ ஓர் ஆறு அந்த உப்பை வாங்கியிருக்கிறது. சித்தாரம் ஆற்றைச் சுத்தப்படுத்த 2018-இல் இந்தோனேசிய அரசு படைவீரர்களையே இறக்கியது. நம் கால்வாய் தெளிவாக இருப்பதற்கு நம் பொறியாளர்களின் திறமை ஒரு காரணம். நம் சட்டைகளுக்கு இங்கே சாயம் போடுவதில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டாவதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இதை நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர், "அப்படியானால் திருப்பூர்ச் சட்டையே வேண்டாம், வேறு ஊரிலிருந்து வாங்கினால் போயிற்று" என்றார். இதைவிடத் தவறான முடிவு இருக்க முடியாது என்பது என் கருத்து. திருப்பூர்ப் பட்டறைகள் நீதிமன்றத்தின் கட்டாயத்தால் உப்பைப் பிடிக்கின்றன; அதற்காகச் செலவழிக்கின்றன. அந்தச் செலவைப் பார்த்துவிட்டு நாம் மலிவான ஊருக்கு ஓடினால், வழக்குப் போட ஆள் இல்லாத இன்னோர் ஆற்றுக்குக் கழிவை அனுப்புகிறோம் என்றுதான் பொருள். 2011-இல் பட்டறைகளை மூடியபோது துணி லாரி ஏறியதே, அதே கதை.

அந்தச் செலவுதான் எவ்வளவு? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ துணிக்குச் சாயமிட்டு அலச 50 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டி-சட்டை 200 கிராம் என்றால் 10 லிட்டர். லிட்டருக்கு 50 பைசா என்று தாராளமாகவே சுத்திகரிப்புச் செலவை வைத்தாலும் சட்டைக்கு 5 ரூபாய். நம் பணத்தில் பத்துக் காசுகூட இல்லை. தேக்காவில் பேரம் பேசும்போது கவனிக்காமல் விடும் தொகை இது. ஆனால் அதே தொகை, கிலோ கணக்கில் கூலி வாங்கிச் சாயமிடும் பட்டறைக்காரருக்குக் கிலோவுக்கு 25 ரூபாய். அவருடைய இலாபமே அதற்குள் அடங்கிவிடலாம். வாங்குபவர் அதைத் தர மறுத்தால், நடுஇரவில் குழாயைத் திறந்துவிடும் ஆசை அவருக்கு வரத்தான் செய்யும். அவர் செய்வது சரி என்று நான் வாதாடவில்லை. அந்த ஆசைக்குத் தீனி போடுவதில் நமக்கும் பங்குண்டு என்கிறேன்.

எனக்குப் பங்குண்டு என்பது உறுதி. பேரவையின் செயற்குழுவில் நான் பொருளாளராக இருந்த ஆண்டு, புதுமுக மாணவர் முகாமுக்காக டி-சட்டைகள் வாங்க மூன்று பேரிடம் விலை கேட்டோம். இருவரின் விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. மூன்றாமவர் அறுபது காசு குறைவாகச் சொன்னார். துணியைத் தடவிப் பார்த்தோம். சின்னம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதில் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். பிறகு குறைந்த விலைக்கே கைதூக்கினோம். நிறம் கறுப்பு. அந்தச் சட்டைகளுக்கு எந்த ஊரில் சாயமிட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் ஆய்வு அறிக்கையை ஒப்படைத்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அண்மையில் அதே தேக்கா மாடிக்குப் போயிருந்தேன். "சாயம் போகாது தம்பி" என்றார் கடைக்காரர். "எங்கே சாயம் போட்டது அண்ணே?" என்று கேட்டேன். ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தார். 'மேட் இன் இந்தியா' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. "இத்தனை வருஷமாக் கடை வச்சிருக்கேன், சாயம் போகுமான்னுதான் கேப்பாங்க. எங்க போட்டதுன்னு நீங்கதான் முதல்ல கேக்குறீங்க. திருப்பூர்ல என் மச்சான் இருக்கார், கேட்டுச் சொல்றேன்" என்றார். கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் உண்மையாகவே கேட்டுச் சொல்லக்கூடியவராகத் தெரிந்தார். எங்கே தைத்தது என்பது பட்டியில் இருக்கும். சாயம் எங்கே போட்டது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் பேரவையைப் போலவே பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் எத்தனையோ மன்றங்கள் ஆண்டுதோறும் சட்டைகள் வாங்குகின்றன. சில நூறு சட்டைகளுக்குத் திருப்பூர் திரும்பிப் பார்க்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நமக்கு விற்பவர் திரும்பிப் பார்ப்பார். விலை கேட்டு அனுப்பும் படிவத்தில் இரண்டே வரி சேர்த்தால் போதும்: துணிக்குச் சாயமிட்டது எந்த ஊர்ப் பட்டறை? அதன் கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது? பதில் சொல்பவர் பத்துக் காசு கூடுதலாகக் கேட்டால் கொடுப்போம். இருபது காசு கேட்டாலும் கொடுப்போம். சின்னத்தைக் கொஞ்சம் சிறிதாக அச்சிட்டால் அந்தப் பணம் மிச்சமாகிவிடும். அடுத்த முகாமுக்கான சட்டைக்கு விலை கேட்கப் போகும் செயற்குழுவினர் என்னைத் தொடர்புகொண்டால், அந்த இரண்டு கேள்விகளையும் அவற்றுக்கு வரும் பதிலை எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் எழுதித் தருகிறேன். விற்பவரைப் பார்க்கப் போகும் நாளில் கூடவே வரவும் தயார்.